நம் அருகிலுள்ள சி.எஸ்.ஐ. ஆலயமும் அனைத்துலகத் திருச்சபையும்



காந்தி மார்க்கெட், பாலக்கரை, வரகனேரி, கோட்டை என்று நாம் வாழும் இப்பகுதியில் பல திருச்சபைகளைச் சேர்ந்தவர்களும் கலந்தே வாழ்கிறோம். ஒரே மண்டியில் வேலை செய்கிறோம். ஒரே தெருவில் குடியிருக்கிறோம். நம் பிள்ளைகள் பிஷப் ஹீபர் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தூய வளனார் கல்லூரியிலும் சிலுவைக் கல்லூரியிலும் படிக்கிறார்கள். இப்படிப் பழகும் இடத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இயல்பாகவே நடக்கின்றன.

அப்போதுதான் கேள்விகள் பங்குத்தந்தையிடம் வருகின்றன. "சாமி, சி.எஸ்.ஐ. பையன், நல்ல குடும்பம், பொண்ணு கொடுக்கலாமா?" "சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போனா அங்கே திருவிருந்து வாங்கலாமா?" "அவங்களும் நம்மள மாதிரிதானே?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் வழக்கத்தில் உள்ளன. "எல்லாம் ஒண்ணுதான், ஒரே இயேசுதானே" என்பது ஒன்று. "அவங்க வேற, நாம வேற" என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நம் திருச்சபை கற்பிக்கவில்லை. அது கற்பிப்பது என்ன என்பதை அறிய, தெப்பக்குளம் பக்கத்தில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம் எங்கிருந்து வந்தது, இன்று யாரோடு இணைந்திருக்கிறது, நம்மோடு எந்த உறவில் நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே சொல், வேறு பொருள்

முதலில் சொற்களில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'பேராயர்' என்றால் உயர்மறைமாவட்டத்தின் தலைவரைக் குறிப்பிடுகிறோம். மதுரைப் பேராயர் என்று சொல்வது அப்படித்தான். சி.எஸ்.ஐ. சகோதரர்கள் ஒவ்வொரு மறைமாவட்டத் தலைவரையும் 'பேராயர்' என்றே அழைக்கிறார்கள். நம் 'ஆயர்' என்ற சொல்லுக்கு இணையானது அவர்களுடைய 'பேராயர்'. நம் மறைமாவட்டம் அவர்களுக்குத் திருமண்டலம். நம் பங்கு அவர்களுக்குக் குருசேகரம். நம் திருமுழுக்கு அவர்களுக்கு ஞானஸ்நானம். நம் உறுதிபூசுதல் அவர்களுக்குத் திடப்படுத்தல். நாம் திருப்பலி என்கிறோம், அவர்கள் திருவிருந்து ஆராதனை என்கிறார்கள்.

இவற்றில் சில வேறுபாடுகள் வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடுகள். ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்றே. ஆனால் திருப்பலி, திருவிருந்து என்ற இரு சொற்களுக்கும் நடுவே இருப்பது மொழி வேறுபாடு மட்டுமல்ல. இதைப் பிறகு பார்ப்போம்.

திருச்சிக்கு வந்த வழி

இங்கிலாந்துத் திருச்சபை 1534இல் உரோமையிடமிருந்து பிரிந்தது. அரசர் எட்டாம் ஹென்றி தம்மையே அந்நாட்டுத் திருச்சபையின் தலைவராக்கிக் கொண்டார். அதை ஏற்க மறுத்த புனித தாமஸ் மூரும் ஆயர் ஜான் ஃபிஷரும் 1535இல் தலைவெட்டப்பட்டு மறைச்சாட்சிகளாயினர். ஆயினும் பிரிந்துபோன அந்தச் சபை ஆயர், குரு, திருத்தொண்டர் என்ற அமைப்பையும், வழிபாட்டு ஒழுங்கையும், பழைய விசுவாச அறிக்கைகளையும் கைவிடவில்லை. பிற சீர்திருத்தச் சபைகளிலிருந்து ஆங்கிலிக்கன் சபை வேறுபடுவது இங்கேதான்.

திருச்சியில் இந்த மரபு நேராக இங்கிலாந்திலிருந்து வந்திறங்கவில்லை. தெப்பக்குளம் அருகில் உள்ள கிறிஸ்து ஆலயம் 1766இல் சுவார்ட்ஸ் ஐயரால் கட்டப்பட்டது. அவர் ஆங்கிலேயரும் அல்லர், ஆங்கிலிக்கன் குருவும் அல்லர். ஜெர்மானியரான அவர் லுத்தரன் சபையில் பட்டம் பெற்று, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். ஆனால் அவருடைய திருச்சிப் பணிக்குப் பொருளுதவி செய்தது எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். அவர் 1798இல் தஞ்சாவூரில் காலமானார். 1820களில் இந்தப் பணித்தளங்கள் எஸ்.பி.ஜி. என்ற மற்றோர் ஆங்கிலிக்கன் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. லுத்தரன் குரு நட்ட சபை இப்படி ஆங்கிலிக்கன் சபையாயிற்று.

அந்தக் காலத்தில்தான் ரெஜினால்டு ஹீபர் திருச்சிக்கு வந்தார். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராகிய அவருடைய எல்லைக்குள் அன்று இந்தியா முழுவதும் அடங்கியிருந்தது. 1826 ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் கோட்டைப் பகுதியில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழங்கிவிட்டுத் திரும்பியவர், அன்றே குளிக்கும்போது இறந்தார். அவருக்கு வயது 42. ஜங்ஷன் பக்கத்தில் உள்ள தூய யோவான் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. மூவொரு இறைவனைப் போற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பாடலை உலகின் பல கத்தோலிக்க ஆலயங்களிலும் பாடுகிறார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1835இல் சென்னைக்கென ஆங்கிலிக்கன் ஆயர் பீடம் அமைந்தது. திருச்சியின் ஆங்கிலிக்கன் சபையார் அதன்கீழ் வந்தார்கள்.

1947: ஒன்றுசேர்ந்த திருச்சபை

இன்று நாம் 'சி.எஸ்.ஐ.' என்று சொல்வது முழுக்க ஆங்கிலிக்கன் சபை அன்று. 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் சில இந்தியப் போதகர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகளால் இந்நாட்டில் நற்செய்தியை எப்படி அறிவிக்க முடியும் என்று கேட்டார்கள். வெளிநாட்டாரின் சண்டைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற வேதனை அவர்களுக்கு இருந்தது. அவர்களில் முக்கியமானவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா. ஒன்றிப்புக்காக உழைத்த அவர் அதைக் காணாமலேயே 1945 ஜனவரி முதல் நாளில் இறந்தார்.

இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. தென்னிந்தியாவின் நான்கு ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களும், மெதடிஸ்டு சபையும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908இல் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இதில் இணைந்தன. அன்று தொடங்கிய 14 திருமண்டலங்களில் திருச்சி-தஞ்சையும் ஒன்று. எஸ்.பி.ஜி. வளர்த்த திருச்சிச் சபையாரும், வெஸ்லியன் மெதடிஸ்டு பணியாளர்கள் வளர்த்த மன்னார்குடிச் சபையாரும் ஒரே திருமண்டலத்தின் மக்களானார்கள். திருச்சியையே தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதாவது டி.இ.எல்.சி., இந்த இணைப்பில் சேரவில்லை. எனவே சி.எஸ்.ஐ.யையும் டி.இ.எல்.சி.யையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இந்த ஒன்றிப்புக்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. ஆயர் கைவைத்துப் பட்டம் பெறாத மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் போதகர்கள் மறுபடி பட்டம் பெறாமலேயே புதிய சபையின் குருக்களாக ஏற்கப்பட்டார்கள். இனிமேல் பட்டம் பெறுபவர்கள் மட்டும் ஆயரின் கையால் பெற வேண்டும் என்று முடிவாயிற்று. இதனால் உலக ஆங்கிலிக்கன் சபைகள் தயங்கின. ஆங்கிலிக்கன் மரபில் பிறந்து வளர்ந்த திருச்சிச் சபையார், சென்னையில் ஒன்றிப்பு நடந்த அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் ஆங்கிலிக்கன் உலகக் குடும்பத்தின் முழு உறுப்பினராக இல்லாமல் இருந்தார்கள். 1988இல் நடந்த லாம்பெத் மாநாட்டை ஒட்டியே இந்த நிலை மாறியது. ஒற்றுமைக்காக அவர்கள் இதைத் தாங்கினார்கள் என்பதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் குருத்துவம் பற்றிய கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதும் இதிலிருந்தே நமக்கு விளங்குகிறது.

ஒரு குருசேகரம் எங்கே நிற்கிறது?

நம் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு மறைவட்டத்தில் அடங்கும். மறைவட்டம் திருச்சி மறைமாவட்டத்தில். திருச்சி, மதுரை உயர்மறைமாவட்டத்தைத் தலைமையாகக் கொண்ட மறைமாநிலத்தில். நம் ஆயரைத் திருத்தந்தை நியமிக்கிறார். ஒவ்வொரு திருப்பலியிலும் திருத்தந்தையின் பெயரையும் ஆயரின் பெயரையும் சொல்லி மன்றாடுகிறோம். அது வெறும் மரியாதைக்காக அல்ல. அந்த ஒன்றிப்பில்தான் நம் பங்கு கத்தோலிக்கப் பங்காக இருக்கிறது.

சி.எஸ்.ஐ. குருசேகரம் திருமண்டலத்தில் அடங்கும். திருமண்டலங்கள் சேர்ந்தது சினாடு. அதன் தலைமையகம் சென்னை இராயப்பேட்டையில் உள்ளது. சினாடின் தலைவர் பிரதமப் பேராயர். பேராயர் பதவிக்குத் திருமண்டலப் பேரவை வாக்களித்துச் சிலரின் பெயர்களை அனுப்ப, அவர்களில் ஒருவரைச் சினாடு தேர்ந்தெடுக்கிறது. சினாடுக்கு மேலே கட்டளையிடும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

அப்படியானால் இங்கிலாந்தில் உள்ள கான்டர்பரி பேராயர் யார்? நம்மில் பலர் அவரை 'ஆங்கிலிக்கன் போப்' என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. நாற்பதுக்கும் மேற்பட்ட தன்னாட்சித் திருச்சபைகள் சேர்ந்த குடும்பம்தான் ஆங்கிலிக்கன் ஒன்றியம். அக்குடும்பத்தில் கான்டர்பரி பேராயருக்கு முதல் மரியாதை உண்டு. 1867 முதல் நடந்துவரும் லாம்பெத் மாநாட்டுக்கு உலகெங்கும் உள்ள பேராயர்களை அழைப்பவர் அவரே. ஆனால் திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தில் ஒரு குருவை இடமாற்றம் செய்யக்கூட அவருக்கு அதிகாரம் இல்லை. மேலும், தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஒன்றியத்தில் மட்டுமின்றி, உலக மெதடிஸ்டு மன்றத்திலும், உலகச் சீர்திருத்தச் சபைகளின் ஒன்றியத்திலும் உறுப்பாக உள்ளது. இணைந்த மூன்று மரபுகளின் வேர்களையும் அது இன்னும் வைத்திருக்கிறது.

சுருங்கச் சொன்னால், அவர்களுடைய ஒற்றுமை உடன்பாட்டால் நிற்பது. நம் ஒற்றுமை பேதுருவின் வழித்தோன்றலோடு உள்ள ஒன்றிப்பால் நிற்பது.

நம் திருச்சபை அவர்களை எப்படிப் பார்க்கிறது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. முறையாகத் திருமுழுக்குப் பெற்று கிறிஸ்துவை விசுவசிப்பவர்கள் அனைவரும் கத்தோலிக்கத் திருச்சபையோடு ஓர் உண்மையான உறவில் இருக்கிறார்கள். அந்த உறவு இன்னும் முழுமை அடையவில்லை என்று அது கற்பித்தது. பிரிந்த சபைகளில் பிறந்து வளர்ந்தவர்கள்மீது பிரிவினைப் பாவத்தைச் சுமத்தக் கூடாது என்றும் சொன்னது. மேற்கில் பிரிந்த சபைகளுள் ஆங்கிலிக்கன் ஒன்றியத்துக்குத் தனி இடம் உண்டு என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

அதன் பிறகு நடந்தவை நாம் நினைவில் கொள்ள வேண்டியவை. 1966 மார்ச்சில் திருத்தந்தை ஆறாம் பவுல், தம்மைக் காண வந்த கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சியின் விரலில் தம் மோதிரத்தையே அணிவித்தார். 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கான்டர்பரி பேராலயத்துக்கே சென்று பேராயர் ராபர்ட் ரன்சியோடு முழந்தாளிட்டு வேண்டினார். 2025 அக்டோபர் 23இல் திருத்தந்தை 14ஆம் லியோவும், இங்கிலாந்துத் திருச்சபையின் உச்சத் தலைவரான அரசர் மூன்றாம் சார்லசும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஒன்றாகச் செபித்தார்கள். பிரிவினைக்குப் பின் இப்படி நடந்தது அதுவே முதல் முறை.

அப்படியென்றால் ஏன் ஒரே பீடத்தில் பங்கேற்க முடியவில்லை?

நற்கருணை வெறும் அன்பு விருந்தன்று. அது கல்வாரிப் பலியின் நினைவு. ஆண்டவர் உண்மையாகவே எழுந்தருளியிருக்கும் அருளடையாளம். அதை நிறைவேற்ற, திருத்தூதர்களின் வழிவந்த குருத்துவம் வேண்டும். ஆங்கிலிக்கன் சபை 16ஆம் நூற்றாண்டில் தன் திருப்பட்டச் சடங்கை மாற்றியபோது, பலி செலுத்தும் குருத்துவம் என்ற கருத்தே அதிலிருந்து நீக்கப்பட்டது. எனவே அந்தப் பட்டங்கள் செல்லா என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1896இல் அறிவித்தார். அந்தத் தீர்ப்பு இன்றும் மாறவில்லை. 1976 முதல் தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருக்களாகப் பட்டம் பெறுகிறார்கள். 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் திருமண்டலப் பேராயரானார். 2025இல் சாரா முல்லல்லி கான்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். இதுபோன்ற முடிவுகளை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது நம் திருச்சபையின் போதனை. ஆகவே இடைவெளி சில இடங்களில் குறைந்திருக்கிறது, சில இடங்களில் கூடியும் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது அன்பாகாது.

குடும்பங்களில் எழும் கேள்விகள்

சி.எஸ்.ஐ.யில் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா? செல்லும். தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டது நிச்சயம் என்றால் அதைத் திரும்பக் கொடுக்கவே கூடாது. அங்கிருந்து கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்புபவர் விசுவாச அறிக்கை செய்து சேர்கிறார். அவருக்கு 'மறுபடி ஞானஸ்நானம் கொடுங்கள்' என்று கேட்பவர்கள், முதலில் செயலாற்றியவர் கிறிஸ்துவே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அங்கே திருவிருந்து வாங்கலாமா? கூடாது. அங்கு போய் அமரலாம், பாடலாம், செபிக்கலாம், வாசகத்தைக் கேட்கலாம். அப்பமும் இரசமும் பெற நம் மக்கள் போகக் கூடாது. சம்பந்தி தவறாக நினைப்பாரே என்ற அச்சம் வேண்டாம். பணிவோடு சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதுபோல, அவர்கள் நம் திருப்பலிக்கு வரும்போது நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்படி நாம் அவர்களை இழுக்கக் கூடாது. மரண ஆபத்து போன்ற பெரும் தேவையில் மட்டும், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு திருச்சபைச் சட்டம் 844 வழி விடுகிறது.

சி.எஸ்.ஐ. மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா? ஆயரின் அனுமதியோடு கொடுக்கலாம். கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவரிடம் வாக்குறுதி கேட்பதில்லை. ஆனால் இந்த வாக்குறுதியை அவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். திருமணம் நம் ஆலயத்தில் நடைபெறுவதே முறை. தக்க காரணம் இருந்தால், ஆயரின் விதிவிலக்கு பெற்று அவர்களுடைய ஆலயத்தில் நடத்தலாம். காலையில் அங்கே ஒரு திருமணம், மாலையில் இங்கே ஒரு திருமணம் என்பது கூடாது. இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதால் அந்தத் திருமணம் உண்மையான அருளடையாளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருமணம் ஆனால் பெண் கணவர் வீட்டுச் சபைக்குப் போய்விட வேண்டும் என்பது நம் ஊரில் எழுதப்படாத வழக்கம். நம் வீட்டுக்கு வரும் சி.எஸ்.ஐ. மருமகள் மாறிவிட வேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கிறோம். இனிஷியல் மாறுவது போல விசுவாசம் மாறுவதில்லை. அது மனச்சான்றைச் சார்ந்தது. ஒரு பெண் சேர விரும்பினால் அறிந்து, விரும்பிச் சேரட்டும். கல்யாணத் தேதிக்காகச் சேர்க்க வேண்டாம். நம் பெண்ணை அனுப்பும்போதும், "அங்கே எப்படியோ அப்படி இருந்துக்கோ" என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் அவளுடைய ஞானப்பெற்றோர் கொடுத்த வாக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அனுமதி பெறாமல் அங்கே திருமணம் முடித்தவர்கள் என்ன செய்வது? பங்குத்தந்தையிடம் வாருங்கள். அதை முறைப்படுத்த வழி உண்டு. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் நற்கருணை வாங்காமல் ஆலயத்தின் பின்பக்கம் நிற்பவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். யாரும் அப்படி நிற்க வேண்டியதில்லை.

சி.எஸ்.ஐ. உறவினர் ஞானப்பெற்றோர் ஆகலாமா? கத்தோலிக்க ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய் ஒருவரோடு சேர்ந்து, திருமுழுக்குக்குச் சாட்சியாக நிற்கலாம். திருமணத்திலும் சாட்சிக் கையொப்பம் இடலாம். துக்க வீட்டுக்கும் அடக்க ஆராதனைக்கும் தயங்காமல் போங்கள். உடன் நின்று செபியுங்கள்.

நாம் செய்யக் கூடியவை

ஒன்றிப்பு உரோமையிலும் கான்டர்பரியிலும் மட்டும் நடக்கும் காரியம் என்று எண்ண வேண்டாம். நம் பீடத்தில் வாசிக்கப்படும் விவிலியமே அதற்குச் சான்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை நம் அறிஞர்களும் பிற திருச்சபை அறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக அமர்ந்து உருவாக்கினார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். அந்த வாரத்தில் நம் அன்பியக் கூட்டத்துக்கு அடுத்த வீட்டுச் சி.எஸ்.ஐ. குடும்பத்தை அழைக்கலாம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கி உடல்நலம் கெட்டவர்களுக்கு உதவும்போது, இரண்டு ஆலயத்தாரும் சேர்ந்தே உதவலாம். அருளடையாளங்களில் இன்னும் ஒன்றாக முடியாத நாம், செபத்திலும் இறைவார்த்தையிலும் பிறரன்பிலும் இன்றே ஒன்றாகலாம்.

தம் பாடுகளுக்கு முந்தின இரவில், தம்மை விசுவசிக்கும் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் தந்தையிடம் மன்றாடினார் (யோவா 17). அந்த மன்றாட்டு இன்னும் நிறைவேறவில்லை. ஒரே வீட்டில் கணவர் ஓர் ஆலயத்துக்கும் மனைவி வேறோர் ஆலயத்துக்கும் ஞாயிறுதோறும் பிரிந்து போகும்போது, அந்த வேதனையை அக்குடும்பங்களே முதலில் சுமக்கின்றன. அவர்களைக் குறைசொல்லாமல் அவர்களுக்காகச் செபிப்போம். நம் விசுவாசத்தைத் தெளிவாக அறிந்து அதில் உறுதியாய் நிற்போம். அடுத்த தெருச் சகோதரர்களை அன்போடு மதிப்போம். எல்லாரையும் ஒரே மந்தையாக்கும் நாளை நல்லாயனாம் ஆண்டவர் விரைவில் தருவாராக. ஆமென்.